தோஹா - ஓட்டமாவடி: நாலரை மணித்தியாலம்

பிறந்து இரண்டு மணித்தியாலம்கூட ஆகாத தன் பிள்ளையின் வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, என் தங்கை பஸ்மியா என்னை ஒரு கள்ளனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"காக்கா, கிட்ட வராதீங்க."

"நான் என்ன செய்த புள்ள? பார்க்கத்தானே வந்த."

"பாருங்க. தூர நிண்டு பாருங்க. வாயத் தொறக்கப்படாது."

நான் ஊரில் நாலு பேர் மதிக்கும் மனிதன். ஓட்டமாவடிச் சந்திக்குப் பக்கத்தில் டிக்கெட் கடை வைத்திருப்பவன். வாயைத் திறக்கக்கூடாது என்று என்னிடம் சொல்லும் துணிவு என் மனைவிக்கு மட்டும்தான் உண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் கதிரவெளிப் பெண் ஒருத்தி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். வலியெல்லாம் மறந்து எழும்பி உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, பிள்ளைட காதுக்குள்ள என்ன? ஏன் பொத்திக்கொண்டு இருக்கிறா?" என்று கேட்டாள்.

எங்கள் ஆட்களில் பிள்ளை பிறந்ததும் அதன் வலது காதில் பாங்கு சொல்ல வேண்டும் என்று அவளுக்கு விளக்கினேன். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பார்களே, அதே பாங்குதான். முறைப்படி பிள்ளையின் வாப்பா, அதாவது தகப்பன்தான் சொல்வது. தகப்பன் இல்லாவிட்டால் மாமனோ பாட்டனோ சொல்லலாம். எங்கள் ஊர்த் தகப்பன்மாரில் பாதிப் பேர் வளைகுடாவில் இருப்பதால், பாங்கு இலாகா நிரந்தரமாக மாமன்மாரின் கையில் இருக்கிறது.

"அப்ப பிள்ளைட அப்பா?"

"வந்துகொண்டிருக்கார். கட்டார்ல இருந்து. நாலரை மணித்தியாலம்தான்."

"எங்கட அவர் கதிரவெளியில தோணிய இழுத்துப் போட்ட கையோட மோட்டச்சைக்கிள்ள ஏறி ஒரு மணித்தியாலத்தில வந்திட்டார்" என்றாள் அவள், பெருமையை மறைக்காமல். கால்மாட்டில் நின்ற அவள் புருஷன் கூச்சத்தோடு சிரித்தான்.

பஸ்மியா கையை எடுக்கவில்லை.

நாலரை மணித்தியாலம் என்கிற நல்ல பொய்

போன கிழமை இந்தப் பத்தியில் பாஸ்போட் படத்தில் சிரித்தவரைப் பற்றி எழுதியதற்காக மூன்று பேர் கடைக்கு வந்து சண்டை பிடித்தார்கள். மூவரும் அது தாங்கள்தான் என்கிறார்கள். ஆகவே இந்தக் கிழமை பாதுகாப்பாக என் சொந்தக் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது யாரும் என்னிடம் டிக்கெட் எடுப்பதில்லை. படுக்கையில் கிடந்தபடியே போனில் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு எழும்பி, சாரத்தைக் கட்டிக்கொண்டு, என் கடைக்கு வந்து கேள்வி கேட்கிறார்கள். டிக்கெட் போனில், சந்தேகம் கடையில். நல்ல வியாபாரம்.

"காக்கா, கட்டாருக்கு எவ்வளவு தூரம்?"

"மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றர், கொஞ்சம் கூடக் குறைய. பறக்கிறது நாலரை மணித்தியாலம். காத்து எதிர்த்தா அஞ்சு."

"அவ்வளவுதானா! கொழும்புக்குப் போறத விடக் கிட்ட."

இதைச் சொல்லாத மனிதனை நான் இன்னும் சந்திக்கவில்லை. சொல்லிவிட்டு முகம் மலர்ந்து போவார்கள். பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பவில்லை, பக்கத்துத் தெருவுக்குத்தான் அனுப்புகிறோம் என்று ஓர் ஆறுதல். நானும் கெடுப்பதில்லை.

அந்த நாலரை மணித்தியாலம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் முடிந்துவிடுகிறது என்பதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அங்கிருந்து குருணாகல், தம்புள்ள, ஹபரணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிகந்த, புணானை என்று உருண்டு எங்கள் ஊர் வந்து சேர ஆறு மணித்தியாலம். வழியில் யானைக்கு மனம் இருந்தால். பாலைவனத்தையும் ஒரு கடலையும் தாண்டுகிற நேரத்தை விட, ஒரு சின்னத் தீவின் மேற்கிலிருந்து கிழக்குக்கு வருகிற நேரம் அதிகம்.

இதில் கடிகாரத்தின் அநியாயம் வேறு. நமக்கும் கட்டாருக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். போகும்போது அதை நம் கையில் தந்துவிடுகிறார்கள். இங்கே ஏறி, அங்கே இறங்கிப் பார்த்தால் அரைவாசி நேரம்தான் போயிருக்கும். வீட்டுக்கு வரும்போது தந்ததைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். பெண்சாதி பிள்ளைகளை விட்டுப் போகிறவனுக்குச் சுறுக்காகப் போக வழி செய்துகொடுத்திருக்கிற இந்த ஏற்பாட்டை யார் செய்தார்களோ, அவருக்குக் குடும்பம் இருந்திருக்காது.

மட்டக்களப்பில் வாவிக்கரையோரம் எங்களுக்கும் ஒரு விமான ஓடுபாதை உண்டு. தோஹா விமானம் ஒருநாள் நேரே அதில் வந்து இறங்கும் என்று எங்கள் தெருவில் நம்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். நானும் நம்புகிறேன். நம்பிக்கைக்கு டிக்கெட் வேண்டியதில்லை.

மூன்று பாங்கும் ஒரு ஹலோவும்

பஸ்மியாவின் புருஷன் நஸீருக்குத் தோஹாவில் தகரக் குழாய் வளைக்கும் வேலை. பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்று போகிற குழாய்கள். எல்லோரையும் குளிரவைக்கிற அந்த வேலைத்தலத்தில் குளிர்காற்று கிடையாது.

மூத்த பிள்ளை பிறந்தபோது அவனுக்கு லீவு தரவில்லை. பாங்கு சொன்னது நான்.

இரண்டாவது பிறந்தபோதும் லீவு இல்லை. அப்போது எங்கள் வீட்டு விஞ்ஞானிகள் கூடி, போனில் சொல்லலாம் என்று முடிவெடுத்தார்கள். போனைப் பிள்ளையின் காதருகே பிடித்தேன். நஸீர் அழகாகத்தான் ஆரம்பித்தான். பாதியில் லைன் வெட்டியது. மறுபடியும் எடுத்தான். "ஹலோ, மச்சான், கேக்குதா? ஹலோ?" இந்த உலகத்தில் அந்தப் பிள்ளையின் காதில் தகப்பன் முழுசாகச் சொன்னது இது மட்டும்தான். முழுப் பாங்கையும் பிறகு நான் சொன்னேன். அந்தப் பயல் இன்றைக்கும் போனைக் கையில் கொடுக்காவிட்டால் சோறு தின்பதில்லை.

மூன்றாவதற்கு நஸீர் நேரத்தோடு புறப்பட்டான். நாலரை மணித்தியாலத்தில் கட்டுநாயக்கவிலும் இறங்கினான். அது மாரிகாலம். மன்னம்பிட்டிப் பக்கம் றோட்டுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. அவன் அக்கரையில், பிள்ளை இக்கரையில். மறுபடியும் நான்.

அதற்கு அடுத்த லீவில் அவன் வந்து அந்த மூன்றாவதைத் தூக்கப் போனபோது, பிள்ளை அலறிக்கொண்டு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நஸீரும் சிரித்தான், பிறகு சிகரட் வாங்க என்று வெளியே போனான். அவனுக்குச் சிகரட் பழக்கம் இல்லை.

இந்த நாலாவது வயிற்றில் இருந்தபோது ஒருநாள் எனக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், இந்தப் புள்ளைக்கு நான்தான் பாங்கு சொல்லணும்."

"சொல்லேன். நானா வேணாண்ட?"

"பகிடி விடாத மச்சான். மூண்டும் முழுப் பாங்கையும் உன்ட குரல்லதான் கேட்ட. ஒண்டாவது என்ட குரல்ல கேக்கட்டும். இனி நமக்குப் புள்ளயும் இல்ல. இதுதான் கடைசி."

நான் வழக்கம்போல, நாலரை மணித்தியாலம்தானே மச்சான் என்றேன். டொக்டர் சொன்ன திகதிக்கு இரண்டு கிழமை முன்பே வந்து நிற்கிற மாதிரி டிக்கெட் போட்டோம். இந்த முறை தவற வழியே இல்லை என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டோம்.

ஒருவரைக் கூட்டிவர ஊரே போனது

உலகத்தின் மற்ற இடங்களில் விமானத்தில் வருகிறவர் தானாக வீட்டுக்கு வருகிறாராம். கேட்கவே பாவமாக இருக்கிறது. எங்களிடம் அப்படி இல்லை. ஒருவர் வருகிறார் என்றால் வேன் பிடித்து, வீட்டைப் பூட்டி, சாப்பாட்டைச் சுற்றிக் கட்டி, குடும்பமே கட்டுநாயக்கவுக்குப் போக வேண்டும். போகாதவரை வருகிறவர் கண்ணால் தேடுவார். பிறகு பத்து வருடத்துக்கு அது பேச்சில் வரும்.

நஸீரின் உம்மா முதல் ஆளாக வெளிக்கிட்டா. நான் மாமி என்று கூப்பிடுவது அவவைத்தான். எங்கள் உம்மா மௌத்தான பிறகு பஸ்மியாவுக்கும் பெரிய ஆள் அவதான். பிறகு நஸீரின் தங்கைமார், அவர்களின் மாப்பிள்ளைமார், பஸ்மியாவின் மூன்று பிள்ளைகள். என் மனைவி முன் சீட்டில். பின்னால் இருந்தால் தலை சுற்றிச் சத்தி வருமாம். எனக்கு இடமில்லை. மனம் நொந்தது போல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

வருகிற பெட்டிகளுக்கு இடம் வேண்டும் என்று நஸீரின் மூத்த மச்சினன் டிரைவரோடு சேர்ந்து வேனுக்குள் எதையெதையோ கழற்றினார். முந்தின நாள் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு வேன் போய்விட்டது. அவர்கள் கட்டுநாயக்கவில் போய்ப் பாய் விரித்துப் படுத்தபோது விமானம் தோஹாவிலிருந்து எழும்பவே இல்லை.

விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்து வரும்போது போன் அடித்தது. பஸ்மியா.

"காக்கா, வாங்க. சுறுக்கா வாங்க. வலி வந்திட்டு."

ஓடினேன். ஆட்டோவைக் கூப்பிட்டேன். அவளை ஏற்றும்போது முற்றத்து மாமரத்தில் ஒரு வேன் ரயர் சாய்த்து வைத்திருப்பதைக் கண்டேன். இது என்னத்துக்கு இங்கே என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நேரத்தில் யாருக்கு ரயர்?

ஆட்டோவுக்குள் அவள் வலியில் என் கையை நசுக்கிக்கொண்டு சொன்னதெல்லாம் ஒன்றுதான். "காக்கா, அவரு வந்துதான் சொல்லணும். நீங்க சொல்லிப் போடாதீங்க." பிள்ளை பத்திரமாகப் பிறக்க வேண்டும் என்பது கூட இரண்டாவதாகத்தான் வந்தது.

நஸீரின் விமானம் நேரத்துக்கு இறங்கியது. ஒரு குறையும் சொல்ல முடியாது. அவன் பெட்டிக்காகக் காத்து நின்ற நேரத்தில் ஓட்டமாவடிக்குப் பக்கத்து வாழைச்சேனை ஆஸ்பத்திரியில் அவனுக்கு மகள் பிறந்தாள்.

"இந்தா வந்திட்டம்"

பகல் பார்வை நேரத்தில்தான் நான் மேலே சொன்ன காதுபொத்தல் நடந்தது. மாமி போனில் வந்தா. அவ போன் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை.

"மனே, நீ சொல்லிப் போடு. அவன் வரச் சுணங்கும். பச்சைப் புள்ளைக்குப் பாங்கு சொல்லாம வச்சிரிக்கிறது சரியில்ல."

"மாமி, அவரு வருவாரு" என்றாள் பஸ்மியா கட்டிலில் இருந்தே.

"நீ சும்மா இரி புள்ள. உனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும் மாமி. மூண்டு புள்ளைக்கும் அவரில்லாமக் காக்கா பாங்கு சொல்றத இந்தக் கட்டில்ல கிடந்து நான்தானே பார்த்துக்கொண்டிருந்த."

"அதுக்கில்ல புள்ள..." என்று மாமி குரலைத் தாழ்த்தினா. அது அபூர்வம்.

மத்தியஸ்தம் பண்ண வேண்டியதாயிற்று. "மஃரிபு வரைக்கும் பார்ப்பம் தங்கச்சி. பொழுது பட முந்தி வந்தாரெண்டா அவரு சொல்லட்டும். வராட்டி நான் சொல்லுவன். அதுக்கு மேல வைக்க ஏலா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். தாதி வந்து, பார்வை நேரம் முடிந்தது என்று என்னை வெளியே கலைத்தாள்.

கேட்டடி வேப்பமர நிழலில் உட்கார்ந்து என் மனைவிக்குப் போன் எடுத்தேன். எங்கள் ஆட்களிடம் பயணத்தில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் உண்மை வராது. அது பொய்யும் இல்லை. கேட்கிறவரின் மனதைக் குளிரவைக்கும் மரியாதை.

"இந்தா, தம்புள்ள தாண்டிட்டம்" என்றாள் மனைவி. பின்னால் ஒரு பஸ் கொண்டக்டர் குருணாகல், குருணாகல் என்று கத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை எடுத்தபோது உண்மையிலேயே ஹபரணைக்கு வந்திருந்தார்கள். வேன் நின்றுகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். மாமி அவித்த சோளம் வாங்குகிறாவாம்.

"சோளமா? இங்க ஒருத்தி காதப் பொத்திக்கொண்டு இரிக்கிறாள், உங்களுக்குச் சோளமா?"

"புள்ள பெத்தவளுக்கும் ஒண்டு எடுக்கிறாங்க" என்றாள் மனைவி சமாதானமாக.

மின்னேரியாவில் யானை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அது தன் ஊரில் தன் பாட்டுக்கு நின்றது.

பிறகு நீண்ட நேரம் போன் எடுக்கவில்லை. பின்னேர அஸர் பாங்கு சொல்லித் தொழுதும் முடிந்தது. கடைசியில் மனைவியே எடுத்தாள். குரல் சுருதி இறங்கியிருந்தது.

"மன்னம்பிட்டியில நிக்கிறம். ரயர் வெடிச்சிட்டு."

"மாத்துங்களன். இன்னொரு ரயர் இருக்குமே."

"இருந்தா மாத்த மாட்டமா?" என்றாள். எனக்கு மாமரம் ஞாபகம் வந்தது. பெட்டிக்கு இடம் வேண்டும் என்று எந்த மகாராசா கழற்றி வைத்தாரோ, அவருடைய ஏழு தலைமுறையையும் வேப்பமரத்தடியில் நின்று திட்டினேன். கேட் காவலாளி எழும்பி வந்து, ஐயா ஆஸ்பத்திரி என்றார்.

"நஸீர் எங்க?" என்று போனில் கேட்டேன்.

"அவரப் பிடிக்க ஏலாமப் போச்சி. கைப்பையோட இறங்கி றோட்டால ஓடினாரு. எங்க போனாரெண்டு தெரியா."

சூரை மணம்

மாலைப் பார்வை நேரம் தொடங்கியது. உள்ளே போனேன். பஸ்மியா பால் கொடுத்துவிட்டுப் பிள்ளையை மார்பில் சாய்த்திருந்தாள். கை காதிலேதான். ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. கதிரவெளிப் பெண்ணின் புருஷன் தன் பங்குக்கு வாசலில் போய்ப் போய் எட்டிப் பார்த்தான். மனிதன் எங்கள் பயணத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டுவிட்டான்.

உண்மையைச் சொல்கிறேன். நாலாவது முறையும் நான் சொல்ல வேண்டி வந்தால் நஸீரின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? பாங்கு வார்த்தைகள் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்க, வராதே வராதே என்று இருந்தேன். நல்ல வார்த்தைகளைப் பார்த்து அப்படி நினைத்ததற்கு அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

பார்வை நேரம் முடிகிறது என்று தாதி குரல் கொடுத்தாள். அதே நேரம் நடையில் ஓட்டம் கேட்டது.

கட்டாரிலிருந்து வருகிறவனில் அத்தர் மணக்கும் என்பது ஊர் வழக்கு. என் மச்சானில் சூரை மீன் மணத்தது. கொழும்பில் மீன் இறக்கிவிட்டு வெறும் ஐஸ் பெட்டிகளோடு திரும்பிய வாழைச்சேனை லொறி ஒன்றைக் கைகாட்டி மறித்து, முன்னால் இடமில்லாமல் பின்னால் பெட்டிகளுக்குள் இருந்து வந்திருக்கிறான். போட்டிருந்த களிசானில் ஐஸ் தண்ணீர் சொட்டியது. மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றரைச் சொகுசு சீட்டில் வந்தவன், கடைசிக் கொஞ்சத் தூரத்தை மீன் இருந்த இடத்தில் வந்தான்.

தாதி மூக்கைப் பொத்தினாள். "இது ஆர்? இப்படி உள்ள வரேலாது."

"மிஸ், பிள்ளைட அப்பா மிஸ்! கட்டார்ல இருந்து வாறார்! விடுங்க மிஸ்!" என்று கத்தியது நானல்ல, கதிரவெளிப் பெண்.

நஸீர் நடைக் கோடியில் இருந்த பைப்பில் முகம் கை கால் கழுவி ஒளு எடுத்தான். வந்து கையை நீட்டினான். பஸ்மியா நாள் முழுக்க வைத்திருந்த கையை அப்போதுதான் எடுத்தாள். அந்தச் சின்னக் காது சிவந்து, மடிந்து போயிருந்தது.

குனிந்து சொல்லத் தொடங்கினான். மெல்லிய குரல். எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. பாதி தாண்டியதும் ஒரு வரி சொன்னான், நான் திடுக்கிட்டேன்.

தூக்கத்தை விடத் தொழுகை மேலானது என்ற வரி. அது அதிகாலைச் சுபஹுப் பாங்கில் மட்டும் வருவது. வேறு எந்த நேரத்துப் பாங்கிலும் இல்லை. ஓட்டமாவடியில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். பொழுது படப் போகிற நேரத்தில் என் மச்சான் சுபஹுப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்று பாங்கு பிழையில்லாமல் சொன்னவன் நான். திருத்த வாய் திறந்தேன். பஸ்மியா என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

"மச்சான், பொழுது படுற நேரத்தில எந்த ஊர்ல சுபஹுப் பாங்கு?"

அவன் கோப்பையைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தான். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது போலிருந்தது.

"அந்த வரியும் வந்திட்டா?" என்றான். "அங்க மத்த நேரமெல்லாம் மிசின் சத்தம் மச்சான். பாங்கு கேக்காது. பஸ் வரமுந்தி காலைல ரூமுக்கு வெளிய நிக்கக்குள்ள கேக்கிறது ஒண்டுதான் முழுசாக் கேக்கிற. அதக் கேட்டுக் கேட்டுத்தான் பாடமாக்கின. பிழையா மச்சான்?"

"ஒரு பிழையும் இல்ல" என்றேன். அன்றைக்கு நான் அவனிடம் சொன்னதில் கிண்டல் இல்லாத பேச்சு அது ஒன்றுதான்.

பொழுது பட்டு, பள்ளிவாசலில் மஃரிபுப் பாங்கும் சொல்லி முடித்த பிறகு, யாரோ கடன் கொடுத்த ரயரில் நொண்டிக்கொண்டு எங்கள் வேன் வந்து நின்றது. கூட்டிவரப் போனவர்கள் கூட்டிவர வேண்டியவனுக்குப் பின்னால் வந்து இறங்கினார்கள். மாமி கையில் சோளத்தோடு முதலில் இறங்கினா. மகனைக் கண்டா, கட்டிப்பிடித்தா, மணத்தில் முகத்தைச் சுளித்தா. பிறகு பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பினா.

"பாங்கு சொல்லியாச்சா மனே? நீதானே சொன்ன?"

மூன்று முறை இந்தக் கேள்விக்கு ஓம் மாமி என்று சொன்ன வாய் இது.

"இல்ல மாமி" என்றேன். "அவள்ட வாப்பா."